மாமாவின் வீட்டுக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்சூரன்ஸ்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 63 வயது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி கட்டுவதற்காக 2023 நவம்பரில் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் 18 லட்ச ரூபாய் கடன் கேட்டார். ஓசூரில் வேலை பார்க்கும் அவர் மகனும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்; தவணை அவர் சம்பளக் கணக்கிலிருந்துதான் போகிறது. 15 வருடக் கடன், வட்டி 11 சதவீதம். ஒன்றரை வருடம் கழித்து இப்போதுதான் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தோம். கடன் தொகை 19,12,000 என்று இருக்கிறது. விசாரித்தால், கூடுதல் 1,12,000 இன்சூரன்ஸ் பிரீமியம் என்கிறார்கள். "இன்சூரன்ஸ் போட்டால்தான் லோன் பாஸ் ஆகும் சார். உங்களுக்கு ஏதாவது ஆனாலும் வீடு பையனுக்குக் கடன் இல்லாமல் போய்ச் சேரும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களாம். சான்றிதழைத் தேடி எடுத்தால், காப்பீடு மாமா பெயரில் மட்டும், அதுவும் 5 வருடத்துக்கு மட்டும். மாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. கையெழுத்து வாங்கும்போது அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையாம். புகார் கொடுக்கலாம் என்றால், "பத்திரம் அவங்க கையில இருக்கு, எதுக்கும்மா வம்பு" என்கிறார் மாமா. நான் அவருக்கு எப்படி உதவுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை)

பதில்: பணம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எனக்கு எழுதிய அதே வரிசையில் கம்பெனிக்கும் எழுதினீர்கள் என்றால் அந்த வாய்ப்பு பாதியாகிவிடும்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் குறைதீர் பிரிவில் உட்கார்ந்து இந்த மாதிரிக் கடிதங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று தொடங்கும் கடிதத்துக்குப் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கும். உறுப்பினர் தன் விருப்பப்படி கையெழுத்திட்டிருக்கிறார், பாலிசியைத் திருப்பித் தரும் கால அவகாசத்துக்குள் ஆட்சேபம் எதுவும் வரவில்லை, ஆகவே கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுவார்கள்.

கட்டாயப்படுத்தியது உண்மையாகவே இருக்கலாம். வீட்டுக் கடன் வாங்குகிறவர் ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காப்பீடு முழுக்க வாடிக்கையாளர் விருப்பம், கடனுக்கும் அதற்கும் நேராகவோ மறைமுகமாகவோ முடிச்சுப் போடக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி பளிச்சென்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் மாமாவும் அந்த சேல்ஸ் ஆளும் மட்டும் உட்கார்ந்து பேசியதற்கு யார் சாட்சி? அவர் சொன்னார், இவர் சொல்லவில்லை என்று போய்விடும்.

உங்கள் கடிதத்தின் நடுவில் சாதாரணமாகச் சொல்லிப் போயிருக்கிறீர்களே, 15 வருடக் கடனுக்கு 5 வருடக் காப்பீடு என்று, அதுதான் புகாரின் முதல் வரியாக இருக்க வேண்டும். அதற்குச் சாட்சி தேவையில்லை. அவர்களே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழிலும், கடனை அனுமதித்து அவர்களே கொடுத்த சாங்ஷன் லெட்டரிலும் இருக்கிறது.

இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். 11 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் 1,12,000 ரூபாய்க்கு மட்டும் மாதத் தவணை ஏறத்தாழ 1,273 ரூபாய். வட்டி மாறாமல் இருந்தால் 180 மாதத்தில் இது சுமார் 2,29,000 ஆகிறது. காப்பீடோ 60 மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகும் 120 மாதம் அந்த 1,273 போய்க்கொண்டே இருக்கும். கூட்டினால் 1,52,760 ரூபாய், அதுவும் காப்பீடே இல்லாத காலத்துக்கு. புகாரில் இந்தக் கணக்கை அப்படியே போடுங்கள். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த மூன்று எண்கள் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது, அதை நீங்கள் கவனித்த மாதிரித் தெரியவில்லை. தவணை போவது மாமா மகனின் சம்பளத்திலிருந்து. காப்பீடு இருப்பது ஓய்வு பெற்ற மாமாவின் பேரில். மாமாவுக்கு எதுவும் ஆகாமல் நூறு வயது இருக்கட்டும். ஆனால் கடனைப் பொறுத்தவரை அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை கட்டப் போகிறவர் மகன்தான். அந்த மகனுக்கு ஏதாவது ஆனால் அவர் பேரில் ஒரு பைசா காப்பீடு கிடையாது. 63 வயதுக்காரரும் மகனின் குடும்பமும் கடனைச் சுமக்க வேண்டும். யாருடைய வருமானத்தில் கடன் அடைகிறதோ அவர் பேரில்தான் காப்பீடு போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. வயது கூடக் கூட பிரீமியமும் கூடும், பிரீமியம் கூடினால் கமிஷனும் கூடும். அறுபதைத் தாண்டியவரின் தலையில் ஏன் இதைக் கட்டினார்கள் என்பதற்கு நான் வேறு விளக்கம் தேட மாட்டேன்.

கம்பெனி என்ன பதில் சொல்லும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். "இந்தத் திட்டத்தில் வயது வரம்பு இருக்கிறது, உறுப்பினர் வயதுக்கு 5 வருடம்தான் கொடுக்க முடியும்" என்பார்கள். சரி, இருக்கட்டும். அப்படியானால் கடன் முழுக்கக் காப்பு தர முடியாத ஒரு திட்டத்தை, வீடு கடனில்லாமல் மகனுக்குப் போகும் என்று சொல்லி ஏன் விற்றார்கள்? 5 வருடம்தான் என்று எந்தத் தாளில், எந்த மொழியில் மாமாவுக்குத் தெரிவித்தார்கள்? அவர்கள் சொல்லும் வயது வரம்பே உங்கள் பக்கத்து வாதமாகிவிடும்.

அடுத்து, மாமாவின் பயம். இதைத் தாண்டாமல் ஒரு கடிதமும் போகக் கூடாது. புகார் அவருடையது, கையெழுத்து அவருடையது, நாளைக்கு விசாரணையில் பேசப் போவதும் அவர்தான். நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், ஃபைல் பார்த்துக்கொள்ளலாம், போன் பேசலாம். அவருக்கு மனமில்லாமல் நீங்கள் இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் போட்டு "என்ன சார், நம்ம ஆள் நீங்க, புகார் எல்லாம் போட்டிருக்கீங்க" என்று கேட்ட மாத்திரத்தில், "இல்ல தம்பி, பிள்ளைங்க ஏதோ பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிடுவார். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். கேஸ் அங்கேயே முடிந்தது.

அவரிடம் நிதானமாக இரண்டு விஷயம் சொல்லுங்கள். தவணை ஒழுங்காகப் போகும் வரைக்கும், புகார் கொடுத்தார் என்ற காரணத்துக்காக யாரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. புகார் கடன்மேல் இல்லை, அதோடு சேர்த்து விற்ற பாலிசிமேல். பத்திரத்தைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. கடன் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத்துக் காரணத்தால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான். புகார் கொடுத்த கோபத்தில் பத்திரத்தை வைத்து யாரும் விளையாட முடியாது.

கூடவே ஒரு எச்சரிக்கை. "பணம் தரும் வரை தவணை கட்ட மாட்டோம்" என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். மாமா மகன் கொஞ்சம் கோபக்காரர் என்றால் அவரிடமும் சொல்லி வையுங்கள். ஒரு தவணை தவறினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும், அபராதம் ஏறும், அதற்கப்புறம் எல்லோரும் பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மாமா சரி என்று சொன்ன பிறகு, காகிதங்கள். சாங்ஷன் லெட்டர், கடன் ஒப்பந்தம், பணம் பட்டுவாடா ஆன விவரம், ஆரம்பத்திலிருந்து முழு ஸ்டேட்மென்ட், காப்பீட்டுச் சான்றிதழ். முக்கிய நிபந்தனைகள் என்று தனியாக ஒரு தாள் கடன் கொடுக்கும்போது தந்திருப்பார்கள். காப்பீடு பற்றி அதில் என்ன போட்டிருக்கிறது, அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கடன் வாங்குகிறவர்களுக்கு இன்னும் வசதி. 2024 அக்டோபர் 1 முதல் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்ற ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். இன்சூரன்ஸ் மாதிரி மூன்றாம் நபருக்குப் போகும் செலவையும் சேர்த்து வருடாந்திர வட்டி விகிதம் காட்ட வேண்டும். மாமாவின் கடன் அதற்கு முந்தையது, அதனால் அது இருக்காது.

இவற்றில் எல்லாம் முக்கியமான தாள் உங்களிடம் இல்லாத தாள்: காப்பீட்டில் சேரும்போது மாமா கையெழுத்துப் போட்ட உறுப்பினர் படிவம். கடனோடு வரும் காப்பீடு பெரும்பாலும் குரூப் பாலிசி. பாலிசிதாரர் கடன் கொடுத்த கம்பெனி, மாமா அதில் ஓர் உறுப்பினர். அதனால் தடிமனான பாலிசிப் புத்தகம் எல்லாம் வந்திருக்காது, ஒன்றிரண்டு பக்கப் படிவமும் ஒரு சான்றிதழும்தான். அந்தப் படிவத்தின் நகலை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வந்ததும் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.

நான் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். முதலில் போன் நம்பரும் இமெயிலும். வயதானவர்கள் படிவத்தில் பல நேரம் சேல்ஸ் ஆளின் நம்பரோ கேள்விப்படாத ஒரு இமெயிலோ இருக்கும். உறுதி செய்யும் அழைப்பு அந்த நம்பருக்குப் போயிருக்கும், சான்றிதழ் அந்த இமெயிலுக்குப் போயிருக்கும். அப்புறம் கையெழுத்து. மாமா தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் படிவத்தின் கீழே ஓர் உறுதிமொழி இருக்கும்: "இதில் உள்ளவற்றை இவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னேன்" என்று வேறொருவர் கையெழுத்திட வேண்டிய இடம். அது காலியாக இருக்கிறதா? அல்லது விற்ற ஆளே விளக்கியவராகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அடுத்து, உடல்நிலைக் கேள்விகளுக்கு எதிரே உள்ள டிக் குறிகள். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு, மேலிருந்து கீழ் வரை "இல்லை" என்று ஓடியிருக்கும். மாமா கையெழுத்தின் மை வேறாக இருக்கும். தொழில், வருமானம் என்ற கட்டங்களையும் விடாதீர்கள். ஓய்வு பெற்றவருக்கு "சம்பளம்" என்று எழுதியிருந்தால் அது தங்கமான சான்று.

அழைப்புப் பதிவு இருந்தால் அதையும் கேளுங்கள். தர மறுத்தால் பரவாயில்லை. கேட்டோம், தரவில்லை என்பதே பின்னால் உதவும்.

பாலிசியைத் திருப்பித் தரும் அவகாசம் முடிந்துவிட்டதே என்ற கேள்வி வரும். 2023-இல் இருந்த விதிப்படி அது பொதுவாக 15 நாள், மின்னணு முறையில் வந்த பாலிசிக்கு 30 நாள். 2024 விதிகளுக்குப் பிறகு 30 நாள். இந்த நாள்கணக்கு ஓடத் தொடங்குவது சான்றிதழ் கைக்கு வந்த தேதியிலிருந்து, அச்சடித்த தேதியிலிருந்து அல்ல. எப்போது, எந்த முகவரிக்கு, எப்படி அனுப்பினீர்கள், அதற்கான சான்று கொடுங்கள் என்று புகாரிலேயே கேட்டுவிடுங்கள். அதோடு, தவறான தகவல் சொல்லி விற்றது என்பது வேறு புகார். அவகாசத்துக்குள் திருப்பவில்லை என்பதால் அது செத்துப்போவதில்லை.

கடிதம் இரண்டு போக வேண்டும், ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு, இன்னொன்று கடன் கொடுத்த கம்பெனிக்கு. பிரீமியம் இருப்பது ஒருவரிடம், அதன்மேல் வாங்கிய வட்டி இருப்பது இன்னொருவரிடம். ஒரு கடிதம் மட்டும் போட்டால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். கடன் கம்பெனிக்குப் போகும் கடிதத்தில் மாமா மகனும் கையெழுத்துப் போடட்டும், அவரும் கடன்தாரர்தான். உங்களோடு பேச அவர்களுக்கு மாமா ஒரு அனுமதிக் கடிதம் தர வேண்டும். இல்லாவிட்டால் "கஸ்டமரோடு மட்டும்தான் பேசுவோம்" என்று வைத்துவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாமா பேசுகிற மாதிரியே இருக்கட்டும். ஏறக்குறைய இப்படி:

"நான் 2023 நவம்பரில் 15 வருடத் தவணையில் வீட்டுக் கடன் வாங்கினேன். அப்போதே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தவணை என் மகனின் சம்பளக் கணக்கிலிருந்து செலுத்தப்படுகிறது. கடன் காலம் முழுவதும் காப்பு இருக்கும், எனக்கு ஏதாவது ஆனால் வீடு கடனின்றி மகனுக்குச் சேரும் என்று உங்கள் சார்பில் விற்றவர் சொன்னார். சான்றிதழ் எங்கள் பார்வைக்கு வந்தபோதுதான் காப்பீடு 5 வருடம் மட்டுமே என்று தெரிந்தது. வருமானம் ஈட்டும் என் மகனுக்குக் காப்பீடு இல்லை. பிரீமியம் 1,12,000 ரூபாயை என்னிடம் தனியாகச் சொல்லாமல் கடனில் சேர்த்திருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உடல்நிலை பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, படிவத்தை நான் நிரப்பவில்லை. எனக்குச் சொன்ன காப்பீடு இதுவல்ல என்பதால் இதைத் தொடக்கத்திலிருந்தே ரத்து செய்து முழு பிரீமியத்தையும் திருப்பித் தரக் கேட்கிறேன்."

ஒவ்வொரு வாக்கியமும் மாமாவால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிகிற வாக்கியமாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லையே" என்று அவர் தயங்கும் வரியை அடித்துவிடுங்கள்.

சர்க்கரை விஷயத்தை மறைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். அது மாமாவுக்கு எதிராகப் போகாதா என்றால், நீங்கள் கேட்பது ரத்தும் ரீஃபண்டும்தான், க்ளைம் அல்ல. போகட்டும் என்று பாலிசியை வைத்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி, முதல் மூன்று வருடத்துக்குள் உண்மையை மறைத்தார் என்று காட்டி கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்கலாம். 5 வருடப் பாலிசியில் மூன்று வருடம் இந்தச் சந்தேகத்தோடே கழியும்.

கடன் கம்பெனிக்குப் போகும் கடிதத்தில் என்ன வேண்டும் என்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். திரும்ப வரும் பிரீமியத்தைக் கடன் கொடுத்த தேதியிலிருந்தே அசலில் கழிக்க வேண்டும்; அந்தத் தொகைமேல் இதுவரை போட்ட வட்டியைத் திருப்ப வேண்டும்; தவணையை 18 லட்சத்துக்கு மறுகணக்குப் போட வேண்டும். இப்போதைய தவணை சுமார் 21,732 ரூபாய் இருக்க வேண்டும், 18 லட்சத்துக்கு 20,459 வரும். இதைக் கேட்காமல் விட்டால், ரீஃபண்டு வரும் தேதியில் பகுதித் தொகை கட்டியதுபோல வரவு வைத்துவிட்டு, இடைப்பட்ட வட்டியைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி வரும். கம்பெனியிலிருந்து அன்பாகப் பேசி, "புகார் எல்லாம் எதுக்கு சார், சரண்டர் ஃபார்ம் கொடுங்க, பணம் வந்துடும்" என்பார்கள். சரண்டர் என்றால் நல்ல பாலிசியை நீங்களாக விருப்பப்பட்டு நடுவில் விடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒற்றை பிரீமியக் கடன் காப்பீட்டில் சரண்டர் தொகை, ஓடிப்போன காலத்தைக் கழித்து அதற்கும் மேல் ஒரு வெட்டு வெட்டித்தான் வரும். மீதி பேச்சுக்கும் இடமிருக்காது. மாமாவிடமும் அத்தையிடமும் சொல்லி வையுங்கள்: வீட்டுக்கு வந்து எந்தத் தாளை நீட்டினாலும், "மருமக பார்க்கணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட வேண்டும்.

புகாரை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் தீர்ப்புச் சொல்லாது. கம்பெனிக்குத் தள்ளிவிட்டு, பதில் சொன்னார்களா என்று பார்க்கும். ஆனால் ஒரு டோக்கன் நம்பர் கிடைக்கும், "கடிதமே வரவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகவே செய்யுங்கள்.

கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதிலே வராவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஆன்லைனிலும் பதியலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது, இரண்டு பக்கத்துக்கும் அதே விதிதான். குரூப் பாலிசிகளும் அவர் அதிகாரத்துக்குள் வரும். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காகிதம் எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும் என்பது விதி. உத்தரவு வந்தால் கம்பெனி அதை 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும்; அவர்களை அது கட்டுப்படுத்தும். மாமாவுக்குத் திருப்தி இல்லை என்றால் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

விசாரணை பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான், வீடியோ மூலமும் நடக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள், ஆனால் பேச வேண்டியது மாமா. அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். "எனக்கு என்ன சொன்னாங்க, என்ன வந்துச்சு" என்று அவர் தமிழில் சொன்னால் போதும். மில்லில் முப்பது பேரை மேய்த்தவருக்கு இதைச் சொல்ல உங்கள் உதவி தேவைப்படாது.

கடன் கொடுத்தது வங்கி என்றால் வட்டிப் பகுதிக்கு ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போக வேண்டும். உங்களுடையது ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி. அதற்குத் தேசிய வீட்டுவசதி வங்கி, அதன் கிரிட்ஸ் என்ற புகார் இணையதளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு மூன்று மாதத்தை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

நாள்கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட வரம்பு. உங்களுக்கு விஷயம் தெரிந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதாடலாம்தான், ஆனால் வாதத்தை நம்பி இருக்காமல் கடன் கொடுத்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். அதன்படி 2025 நவம்பர் வரைதான். கம்பெனிக்கு ஒரு மாதம், ஒம்புட்ஸ்மேனுக்கு மூன்று மாதம், காகிதம் சேர்க்கும் நேரம் என்று கழித்தால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இந்த வாரமே முதல் கடிதம் போகட்டும். நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தாலும் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, மாமா வசிக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே போடலாம். ஒரே விஷயத்தை ஒம்புட்ஸ்மேனிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிரிட்டனில் கடனோடு சேர்த்து இப்படி விற்ற இன்சூரன்ஸுக்காக, 2019 ஆகஸ்ட் 29 என்று கடைசித் தேதி வைத்து, வங்கிகளை 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். அங்கேயும் பெரும்பாலானவர்கள் தனித்தனியாகப் புகார் எழுதித்தான் வாங்கினார்கள். நம் ஊரில் அப்படி ஒரு ஒட்டுமொத்த ஏற்பாடு எதுவும் வரவில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ரத்து கேட்டுக் கடிதம் போடும் முன்னால் மாமா மகன் தன் பேரில் ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்துவிடட்டும், கடன் காலத்துக்கும் கடன் தொகைக்கும் குறையாமல். சம்பளம் வாங்கும் வயதில், புகைப்பழக்கம் இல்லாதவருக்கு இதன் பிரீமியம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் வரும். அதை அவரே நேரடியாக எடுக்கட்டும், கடன் கம்பெனி வழியாக வேண்டாம், உடல்நிலைக் கேள்விகளுக்கு அவரே பதில் எழுதட்டும்.

இன்னொன்று. புகார் பதிவான சில நாளில், "இன்சூரன்ஸ் ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் ரீஃபண்டு ரெடி, வரி மட்டும் கட்டினால் போதும்" என்று மாமாவுக்கு ஒரு போன் வரலாம். வயதானவர்களைக் குறிவைத்து இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆணையம் யாருக்கும் போன் போட்டுப் பணம் கேட்பதில்லை, ஒம்புட்ஸ்மேன் அலுவலகமும் கேட்பதில்லை. ரீஃபண்டில் 20 சதவீதம் தாருங்கள், நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று வருகிற ஏஜென்டுகளும் வேண்டாம். அவர்கள் போடப் போவதும் இதே இலவசப் புகார்தான். உறுப்பினர் படிவத்தின் நகல் வந்ததும், பெயர் விவரங்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கடிதத்தில் எதை முதலில் வைப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.